ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்முவுக்கு,

"லேப்டாப் போச்சுப்பா, ஃபார்மட் போட்டுடவா?" என்று கேட்டிருக்கிறாய். பொறு. திரையில் என்ன வந்தது என்று நீ சொல்லவே இல்லையே. கம்ப்யூட்டர் செய்தவர்கள் கோளாறுக்குக் கோளாறு ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள். 1984இல் ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர் வந்தபோதே அதற்குப் படம் வரைந்த சூசன் கேர் சிரிக்கும் மேக் ஒன்றும், கண்ணில் பெருக்கல் குறி போட்ட சோக மேக் ஒன்றும் வரைந்துவிட்டார். சோக மேக்கின் கீழே ஓர் எண் வரும். ரிப்பேர் பார்ப்பவருக்கு அந்த எண்தான் முக்கியம். இன்றைக்கும் அதே கதைதான்.

குரோமில் குட்டி டைனோசர் நின்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். நெட் இல்லாத ஆதிகாலத்துக்குப் போய்விட்டாய் என்று கூகுள் 2014இல் வைத்த கேலி அது. (ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும். இருக்கிற பொம்மைகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.) போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் நெட் வருகிறதா பார். டேட்டாவை அணைக்க மறந்தால் போன் வேறு வழியில் நெட் எடுத்துக்கொண்டு உன்னை ஏமாற்றும். போனிலும் இல்லையென்றால் ஃபைபர் பெட்டியைப் பார். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. அந்த மெல்லிய ஃபைபர் வயர் எங்கேயாவது கட்டிலுக்கடியில் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா பார். இல்லையென்றால் புகார் கொடுத்துவிடு. வெளி இணைப்பு சரியாக இருப்பதைக் காட்டும் பான் விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தும் நெட் இல்லையென்றால், பிளக்கைப் பிடுங்கி 30 விநாடி கழித்துப் போடு. அது முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் மறுபடி பிடுங்காதே.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பார். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு பாஸ்வேர்ட் போட்டு மறுபடி சேர். டைனோசருக்குப் பதில் மூஞ்சி தொங்கிய காகிதம் வந்தால் பெரும்பாலும் நெட் இருக்கிறது, அந்தத் தளம்தான் கிடைக்கவில்லை. எழுத்துப் பிழை பார்; எல்லாத் தளத்துக்கும் அப்படியே வந்தால், தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்று.

அடுத்தது நீலத் திரையில் சோக மூஞ்சி. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் மூஞ்சியையே எடுத்துவிட்டுக் கறுப்புத் திரை ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். எந்த நிறமாக இருந்தாலும் நீ பார்க்க வேண்டியது 'ஸ்டாப் கோட்' என்ற வரி. அது சில விநாடியில் போய்விடும், உடனே போனில் படம் எடு.

'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல், அதாவது லேப்டாப்பின் தற்காலிக நினைவகத்தின் மேல். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டு. பிழை காட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றி, ரேமை எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்து. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுச் சோதி. கடைகளில் ரேம் ஓரத்திலுள்ள தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்ப்பார்கள். அந்தத் தூள் ஸ்லாட்டில் விழுந்தால் புதுத் தலைவலி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

'வீயா அன்கரெக்டபிள்' (WHEA என்று தொடங்கும்) என்றால் ஹார்டுவேர் பிழை. ஓவர்கிளாக், அதாவது சிப்பை அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவது, எதுவும் நீ செய்யாததால் சூட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபேனுக்கும் வெளிக்காற்று போகும் தகடுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடு. பிடிக்காமல் காற்று அடித்தால் அது கண்டபடி சுற்றி பேரிங் கெட்டுவிடும். சிப்பின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால் நடுவிலிருக்கும் பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டு, லேப்டாப் சிப்புக்கு ஓர் அரிசி அளவு புதிது போதும்.

'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' வந்தால் விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் எஸ்எஸ்டி தளர்ந்திருக்கலாம், அல்லது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸில் ஸ்டோரேஜ் மோட் மாறியிருக்கலாம். இந்த இடத்தில்தான் பலரும் பயந்துபோய் ஃபார்மட் போடுகிறார்கள். பூட் இரண்டு மூன்று தடவை தோற்றால் விண்டோஸ் தானாக ரிக்கவரி பக்கத்துக்குப் போகும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும். புதிதாகப் போட்ட டிரைவரையோ சாஃப்ட்வேரையோ அங்கே எடுத்துவிடலாம்.

போகிற வழியில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் உன்னிடம் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கலாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகத்தில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் ஒரே நாளில் விழுந்தன. நம் ஊர் ஏர்போர்ட்டுகளில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மருந்து சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பதுதான். ஆனால் அதற்கும் முன்னால் கீ கேட்டது, அது கையில் இல்லாதவர்கள் திண்டாடினார்கள். உன் கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். லேப்டாப் ஓடும்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி வை, லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதே.

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் விண்டோஸ் இல்லாமலேயே லேப்டாப்பை ஓட்டும் லினக்ஸ் இருக்கிறது. 1996இல் லாரி யூயிங் வரைந்த அந்தத் தொப்பைப் பென்குயின் டக்ஸ்தான் அதற்கு அடையாளம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பென்குயின் மேல் அவ்வளவு ஆசை. விண்டோஸ் எழுந்திருக்கவே மாட்டேன் என்றால் இதைச் செருகி, ஆன் பண்ணியதும் எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இரு (எச்பி என்றால் எஃப்9), யூஎஸ்பியைத் தேர்ந்தெடு. 'டிரை' என்பதை மட்டும் அழுத்து, 'இன்ஸ்டால்' வேண்டாம், அது டிஸ்கை அழித்துவிடலாம். உன் ஃபைல்களை வெளி ஹார்டுடிஸ்கில் காப்பி பண்ணு. இங்கேயும் பிட்லாக்கர் கீ வேண்டும். அது முடிந்த பிறகு ஃபார்மட் போடுவது உன் இஷ்டம்.

தினமும் மந்தமாகிறது என்பதற்கு இதெல்லாம் வேண்டாம். 'ஷட் டவுன்' கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்துவிட்டு அடுத்த நாள் அதையே எழுப்புகிறது. பழைய சிக்கலும் கூடவே எழும். வாரம் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடு. தேதி தானாகப் பின்னால் போய், தளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டினால் மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டு டெஸ்க்டாப்பில் அது சிஆர் 2032, 3 வோல்ட். உன் லேப்டாப்பில் வயர் வைத்ததாகவோ, இல்லாமலேயோகூட இருக்கும், திறந்து பார்க்காமல் வாங்காதே.

நடுவில் புகுந்து "உதவட்டுமா?" என்று கேட்டு எல்லாரையும் கடுப்பேற்றிய பேப்பர் கிளிப் கிளிப்பியை ஆஃபீஸ் 2007இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அதைவிட மோசமான ஆள் வருகிறான். பிரவுசர் திரை முழுக்க நீலமாகி, சத்தம் போட்டு, "வைரஸ், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்பான். நிஜமான நீலத் திரையில் போன் நம்பர் இருக்காது, மவுஸும் அசையாது. எஸ்கேப்பை அழுத்திப் பிடி. போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடு. மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் வேண்டாம் என்று சொல்.

ஸ்டாப் கோட் படத்தை வாட்ஸப்பில் போடு. லேப்டாப் மாடல் எண் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், அதையும் சேர்த்து அனுப்பு.

அப்பா