நீ கேட்ட அந்த ரோஸ் கல்லு மேட்டர்

மக்கா,

வீட்டுக்கு காங்கிரீட் போட்ட போட்டோ பாத்தேன், சூப்பரா வந்திருக்கு. ஆனா அப்பாவோட கண் ஆபரேஷன் என்னாச்சுன்னு ஒரு வரி கூட எழுதலயே நீ, அத மொதல்ல சொல்லு.

கடலுக்கடியில கெடக்க கல்ல பாக்கதுக்கா ஒனக்கு சம்பளம்னு கேட்டிருந்த. கல்லு இல்லல அது, பாசி. சிவப்பு பாசியில ஒரு வகை, ஒடம்பு பூரா சுண்ணாம்ப ஏத்திக்கிட்டு எதுலயும் ஒட்டாம தரையில சும்மா கெடக்கும், உயிரோட இருந்தா ரோஸ், செத்தா வெள்ளை, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளந்தாலே பெருசு. இங்க இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் இத மேர்ல்ங்காங்க, பிரேசில்ல ரோடோலித், அங்க அப்ரோலோஸ் பக்கம் மட்டும் சுமார் 20,900 சதுர கிலோமீட்டருக்கு இதுதான் தரை!

கேமராவ எறக்கி எடுத்த வீடியோவ பாத்து எந்த எடம் என்ன வகைத் தரைன்னு குறிக்கணும், அதான் என் வேலை. கெளை கெளையா இருக்கா, கெட்டி உருண்டையா, இல்ல உள்ள பொந்து பொந்தா இருக்கான்னு வடிவம் பிரிக்கது ஜாலியாத்தான் இருக்கு. தகராறு எங்கன்னா சதவீதத்துல. மத்தியதரைக் கடல் பக்கம் ஆராய்ச்சி பண்றவங்க உயிருள்ளது 10 சதவீதத்துக்கு மேல தரைய மூடியிருந்தாதான் அத மேர்ல் படுகைன்னு வச்சிருக்காங்க, சரி, அப்போ 9 இருந்தா? அந்தக் கடல்ல மேர்ல் படுகை மேல இழுவலை போடக்கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2006லயே சட்டம் போட்டிருக்கு, அதனால ஸ்கிரீன் முன்னாடி ஒக்காந்து ஒருத்தன் போடுத நம்பர் வெறும் நம்பர் இல்ல பாத்துக்கோ.

எனக்கு கடுப்பு என்னன்னா செத்தத கணக்குலயே சேக்க மாட்டேங்காங்க. செத்தாலும் அந்த இண்டு இடுக்கு அப்படியேதான இருக்கு, நண்டும் சிப்பிக் குஞ்சும் அதுக்குள்ள கெடக்கும்லா. இங்க ஃபால் ஆத்து முகத்துவாரத்துல "செத்ததத்தான எடுக்கோம்"னு சொல்லியே 2005 வரைக்கும் தோண்டுனாங்க, அமிலம் ஏறுன வயல் மண்ணுக்கு சுண்ணாம்பு சத்து ஏத்த. தோண்டும்போது கெளம்புத சகதி பக்கத்துல உயிரோட இருக்கதுமேல படிஞ்சா அதுக்கு வெளிச்சம் எப்படி கெடைக்கும்? ஸ்காட்லாந்துல கிளைட் கடல்ல சிப்பி வாருத இரும்பு வலைய ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டு நாலு வருஷம் கழிச்சு போய் பாத்தாலும் அந்தத் தரை தேறல. ஒனக்கு இதெல்லாம் நான் சொல்லியா தெரியணும், நம்மூர் மன்னார் வளைகுடால சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறைய வெட்டி வெட்டி ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போச்சே.

அதான் மேப்புல உயிருள்ளதுக்கு ஒரு கலர், செத்ததுக்கு இன்னொரு கலர்னு போட்டு, ரெண்டையும் மேர்ல்னே குறிக்கணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டு இருக்கேன். ஒரு மேடம் ஒத்துக்கிட்டாங்க, இன்னொருத்தர் "செத்ததையும் சேத்தா இங்க பாதி வளைகுடாவ மீன்பிடிக்க விடாம பூட்டணுமே"ங்காரு. பூட்டுங்களேன்னேன், மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு.

தையில லீவு கேட்டிருக்கேன், கெடைச்சா பால் காச்சுக்கு வந்துருவேன், தேதிய மட்டும் முன்னாடியே சொல்லிரு.

இப்படிக்கு
உன் பழைய பெஞ்சு கூட்டாளி