தேர்வு எழுதியது அந்த மாணவிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்ற பார்வையற்ற மாணவியைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. அவரைத் தேடிப் போய்ப் பேசி எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி, 'நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் தேர்வை எழுதிக் கொடுத்ததால் இந்த வெற்றி சாத்தியமானது' என்கிறது. நானும் பார்வையற்றவள், முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

தேர்வறையில் சொல்வதை எழுதுபவர் என்ன செய்கிறார் என்பது உங்களைப் போன்ற மூத்த பத்திரிகையாளருக்குத் தெரியாததல்ல. நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். விடை எங்களுடையது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட நெறிமுறையில், நாங்களே அழைத்து வருபவர் எங்களைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றே இருந்தது. அவருக்கு விடை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. எனக்கு எழுத வந்த பள்ளி மாணவிக்கு 'நெகிழ்ச்சி' என்றால் பொருளாதாரத்தில் என்னவென்றே தெரியாது. தேவைக் கோடு வரைய வேண்டிய கேள்வியில், நிற்கும் அச்சில் விலை, படுக்கும் அச்சில் அளவு, கோடு இடமிருந்து வலமாகக் கீழே சரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தச் சின்னப் பெண் பொறுமையாக வரைந்தாள். அவளுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனால் மதிப்பெண் வந்தபோது, "யார் எழுதினது? நல்லா படிச்ச பொண்ணா?" என்று என் துறையிலேயே கேட்டார்கள். இப்போது உங்கள் இதழும் அதையே அச்சில் சொல்லிவிட்டது.

அதே நெறிமுறை, மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். மற்றவர்கள் எழுந்ததும் என் தாளையும் வாங்க வந்த கண்காணிப்பாளரிடம் ஆணையின் நகலைக் காட்டி வாதாட வேண்டியிருந்தது. வாதாடிய நிமிடங்களும் என் நேரத்தில்தான் கழிந்தன. கட்டுரையில் இதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. மாறாக, 'பார்வைக்குப் பதிலாக இறைவன் கூர்மையான செவியைத் தந்திருக்கிறான்' என்று இருக்கிறது. எங்களுக்குத் தனிச் செவி எதுவும் கிடையாது. கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வேகமாக ஓடவிட்டுக் கேட்பது பழக்கத்தால் வந்தது, நீங்கள் வேகமாக வாசிக்கப் பழகியது போலத்தான். நான் பயன்படுத்தும் என்விடிஏ இலவசமாகக் கிடைப்பது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கியது.

பார்வையற்றவர் எல்லோருக்கும் முழு இருட்டு என்று எழுதுவதும் தவறு. 2016-ஆம் ஆண்டுச் சட்டமே பார்வையின்மை, குறைபார்வை என்று தனித்தனியாகச் சொல்கிறது. என் விடுதித் தோழி ஒருத்தி பெரிய எழுத்தாக இருந்தால் கண்ணருகே வைத்துப் படிப்பாள். அவள் கைப்பேசியைப் பார்ப்பதைக் கண்டு 'நடிக்கிறாள்' என்று சொன்னவர்கள் உண்டு.

அப்புறம், உதவி. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்கு நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார். நான் கடக்க வேண்டியதே இல்லை. வேறு எந்தப் பெண்ணின் கையையாவது அப்படிப் பிடிப்பாரா? "உதவி வேண்டுமா?" என்று கேட்டால் போதும். வேண்டுமென்றால் அவர் முழங்கையை நான் பிடித்துக்கொண்டு நடப்பேன். நடத்துநர்கள் என்னிடம் கேட்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் "இவங்க எங்க இறங்கணும்?" என்கிறார்கள். 200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் அகலம் ஒன்றே, நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நான் நோட்டைத் தடவிப் பார்த்தால் கடைக்காரர் தன்னைச் சந்தேகப்படுவதாகக் கோபித்துக்கொள்கிறார்.

இவற்றையாவது பேசிச் சரிசெய்யலாம். படிக்கவே முடியாத பாடத்துக்கு என்ன செய்வது? எங்களுக்குத் தரப்படும் தமிழ்ப் பாடக்குறிப்புகள் பல இன்னும் பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. என்விடிஏ அதை ஆங்கில எழுத்துக் குவியலாக வாசிக்கிறது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே இருக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-ல். ஸ்கேன் செய்த பக்கங்கள் வெறும் படம், மென்பொருள் பேசாமல் நின்றுவிடும். பார்வையற்றவர் நீதிபதியாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்கள் கட்டுரையோ அந்த மாணவிக்கு 'ஏற்ற வேலை' பாட்டு ஆசிரியை என்று முடிவு செய்கிறது. அவர் படித்தது வரலாறு.

உங்கள் இணையப் பதிப்பும் பக்கத்தைப் படமாகத்தான் போடுகிறது. எங்களைப் பற்றிய கட்டுரையை நானாகப் படிக்க முடியாமல், தோழி படிக்கக் கேட்டேன்.

இரண்டு வேண்டுகோள்கள். 'எழுதிக் கொடுத்ததால்' என்ற வரிக்கு, கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள். இணையப் பதிப்பில் கட்டுரைகளைப் படமாக அல்லாமல் ஒருங்குறி எழுத்தாகவும் தாருங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் உடனே முடியாதென்றால், ஞாயிறு இதழிலிருந்து தொடங்கினாலும் சரி.

இப்படிக்கு,
முதுகலைப் பொருளாதார மாணவி,
திருச்சி.