பச்சை முக்கோணம்தானே என்று…

ஆசிரியருக்கு, வணக்கம்.

மார்கழிப் பனி இறங்கினால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் பிசானப் பருவ நெல்லுக்கு, பூஞ்சாணத்தால் வரும் குலைநோய்க்கான மருந்தடிப்பு ஆரம்பித்துவிடும். பூச்சிமருந்து டப்பாவைத் தூரப் பிடிக்கிறவர்கள்கூட பூஞ்சாண மருந்தை வெறுங்கையால் கலக்குகிறார்கள். கேட்டால், “பச்சை முக்கோணம்தானே” என்பார்கள்.

ஒரே தடவையில் உள்ளே போனால் எந்த அளவில் உயிர் போகும் என்பதற்கான அடையாளம், டப்பாவில் அச்சிட்டிருக்கும் அந்த முக்கோணம். எலியைக் கொல்ல அதன் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. மான்கோசெப், கார்பென்டசிம் போன்ற பூஞ்சாண மருந்தெல்லாம் அந்தக் கணக்கில் சாதுதான். பத்து வருஷமாகக் கொஞ்சங்கொஞ்சமாகத் தோலில் இறங்குவது அந்தக் கணக்கிலேயே வராது. மான்கோசெப் உடம்பில் சிதைந்து எத்திலீன் தையோயூரியா ஆகும். அது தைராய்டு ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும். கார்பென்டசிம், செல் பிரிவதைத் தடுத்துத்தான் பூஞ்சாணத்தைக் கொல்கிறது. ஆய்வக எலிகளில் விந்தணுவையும் கருவையும் கெடுத்திருக்கிறது. கர்ப்பிணிகள், விதையில் மருந்து கலக்கும் விதைநேர்த்தி நடக்கும் இடத்துக்கே வர வேண்டாம். மான்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மறுத்துவிட்டது.

தெளிக்கும்போது பயப்படுகிறவர்கள் கலக்கும்போது அசட்டையாக இருக்கிறார்கள். மருந்து முழு வீரியத்தோடு இருப்பது அப்போதுதான். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 16 லிட்டர் டேங்குக்கு மான்கோசெப் 32 கிராம். பாக்கெட்டை வெட்டி டேங்க் வாயில் தட்டினால் தூள் நேராக மூக்குக்கு வரும். வாளியில் அரை லிட்டர் தண்ணீர் எடுத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தூளைப் போட்டுக் குச்சியால் கலக்கிக் கூழாக்கி, பிறகு வடிகட்டி ஊற்ற வேண்டும். கைக்கு நைட்ரைல் கையுறை. துணிக் கையுறை வெறுங்கையைவிட மோசம். மருந்தில் ஊறித் தோலோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

அடுத்தது டேங்க் மூடி. வாஷர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் ஒழுகி, முதுகு வழியாக இடுப்பு வேட்டியில் இறங்கும். தொடையிடுக்குத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு உறிஞ்சும். அங்கே அரிப்பு வந்தால் வேர்க்குரு என்று பவுடர் போடுகிறார்கள்!

களக்காட்டு வாழையில் இலைப்புள்ளி நோய்க்கு அண்ணாந்து அடிக்கும்போது சொட்டு மணிக்கட்டு வழியே கையுறைக்குள் ஓடும். கையுறை விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட்டால் அங்கேயே நிற்கும். புரோபிகோனசோல் என்ற பூஞ்சாண மருந்தோடு சேர்க்கும் எண்ணெய், மருந்தை இலைக்குள் இறக்குவதற்கு. தோலிலும் அது சும்மா இருக்காது.

இன்னொன்று. திரம் என்ற பூஞ்சாண மருந்து கலந்த விதைநேர்த்தி மருந்தைக் கையாண்ட அன்று சாயங்காலம் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரைக்குத் திரம் சொந்தக்காரன். பழி சரக்கின் மேல் விழும்.

கண்ணில் பட்டால் 15 நிமிஷம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாக்கெட்டோடு திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் இருப்பதுபோல இந்த மருந்துகளுக்குத் தனி முறிவு மருந்து இல்லை. உள்ளே போனது எது என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் வைத்தியம் நேராக நடக்கும்.

டேங்க் அலசிய தண்ணீரை அதே வயலில் அடித்துவிடுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் மீன் சாகும். கீழே அடுத்த படித்துறையில் பிள்ளைகள் குளிக்கும்.

– ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், சேரன்மகாதேவி