மணிலாவிலிருந்து அப்பாவுக்கு

மணிலா,
ஜூன் 14.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் முரளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம்; அங்கு எல்லோருடைய நலமும் அறிய ஆவல். சித்திரையில் நீங்கள் போட்ட கடிதத்துக்கு ஆனி பிறக்கும்போது பதில் எழுதுகிறேன் என்பது வெட்கமாகத்தான் இருக்கிறது. வாரா வாரம் போனில் பேசினாலும், நீங்கள் கேட்டிருந்ததற்குப் போனில் பதில் சொல்லி முடியாது.

"ஸ்பெயின்காரன் ஆண்ட ஊரில் எல்லோரும் எப்படி இங்கிலீஷ் பேசுகிறார்கள்?" என்று எழுதியிருந்தீர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவன்தான் ஆண்டான். 1898 மே 1 அன்று டூயி என்ற அமெரிக்கத் தளபதியின் கப்பல்கள் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையை ஒரே காலைப்பொழுதில் அழித்துவிட்டன. ஜூன் 12 அன்று பிலிப்பைன்ஸ் விடுதலைப் படைத் தலைவர் அகினால்டோ, காவித் என்ற ஊரில் தம் வீட்டிலேயே சுதந்திரத்தை அறிவித்தார். ஆனால் டிசம்பரில் பாரிசில் எழுதிய ஒப்பந்தத்தின்படி 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா இந்தத் தீவுகளை ஸ்பெயினிடமிருந்து வாங்கிக்கொண்டது. இவர்களுடைய பிரதிநிதியை உள்ளேயே விடவில்லை. நம் நிலத்துக்கு வேறு இரண்டு பேர் உட்கார்ந்து கிரயம் எழுதிக்கொண்டது போலத்தான். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கர்களுக்கும் இவர்களுக்கும் சண்டை மூண்டது. நீங்கள் வகுப்பில் ஒரே வரியில் கடந்துபோகும் பாடம் இது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பக்கத்துப் போர்ஷன் லோலா. லோலா என்றால் பாட்டி. சமார் தீவுக்காரர், இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் நான் வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது வழிமறித்து, என் உச்சரிப்பைத் திருத்தாமல் மேலே விடமாட்டார். 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் இங்கே வந்து இறங்கினார்களாம். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கே தொடங்குகிறது. அடுத்த மாதமே சமாரில் பாலாங்கிகா ஊர்மக்கள் திரண்டெழுந்து 48 அமெரிக்கச் சிப்பாய்களைக் கொன்றார்கள். அதற்குப் பதிலாக, பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் விடவேண்டாம் என்று ஸ்மித் என்ற ஜெனரல் உத்தரவிட்டார். ஊரைக் கொளுத்திவிட்டு, சர்ச் மணிகள் மூன்றையும் கொண்டுபோனார்கள். அவை திரும்பி வந்தது 2018 டிசம்பரில்தான். அந்த மணிகளின் படத்தை லோலா பர்ஸில் பேரன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

நேற்று முன்தினம் இங்கே சுதந்திர தினம். ஊருக்கே விடுமுறை, எங்கள் கால் சென்டர் ஆபீஸுக்கு மட்டும் இல்லை. போன் செய்கிறவர்களுக்கு அமெரிக்காவில் அன்று விடுமுறை இல்லையே. 1946-ல் அமெரிக்கா சுதந்திரம் கொடுத்ததும் தன் சுதந்திர தினமான ஜூலை 4-ல்தான். 1962-ல்தான் இவர்கள் கொண்டாட்டத்தை ஜூன் 12-க்கு மாற்றினார்கள். எங்களுக்கு வேலைப் பளு குறைவது இன்னமும் ஜூலை 4-ல்தான். ஆபீஸ் ஏசி எலும்பு வரை குளிர்கிறது; அம்மா கொடுத்தனுப்பிய சால்வை அதற்குத்தான் உதவுகிறது.

அன்று மதியம் லோலா சாப்பிடக் கூப்பிட்டார். முதலில் வாழைப்பழ சாஸ் ஊற்றிய ஸ்பாகெட்டி வந்தது, பாயசம் போல இனிப்பு. தக்காளி சாஸ் அமெரிக்கர்கள் பழக்கிவிட்டது. தக்காளிக்குப் பதில் வாழைப்பழத்தில் செய்து சிவப்புச் சாயம் கலக்கும் வித்தை, சியாட்டிலில் படித்துத் திரும்பிய மரியா ஒரோசா என்ற பெண்மணியுடையது என்கிறார்கள். மரியாதைக்காக முழுவதையும் தின்றேன். அப்புறம் சினிகாங் என்ற மீன் சாறு. அதற்குப் புளியை வேகவைத்து, மசித்து, வடிகட்டியில் தேய்த்தார். அடியில் கொட்டைகள் தங்கின. பங்குனி வெயிலில் திண்ணையில் அரிவாள்மணையோடு அம்மா உட்கார்ந்து புளி தட்ட, நானும் செல்வியும் கொட்டை பொறுக்கிப் பல்லாங்குழி ஆடியது நினைவுக்கு வந்துவிட்டது. லோலாவோ கொட்டைகளைக் குப்பையில் கொட்டச் சொன்னார். ஏழு கொட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது மேசைமேல்தான் இருக்கின்றன. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அறையை இப்போது நான்கு பேராகப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம், பேச்சுத்துணைக்கு நல்லது. இந்த மாதப் பணம் மட்டும் சற்றுத் தாமதமாகும், பேங்கில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள். செல்வியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதற்குள் கேட்டால், ராமு மாமாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

வாய்க்கால் கரை வயலைப் பற்றிச் சித்தப்பா யாரிடமோ விலை பேசிவிட்டார் என்று கோபால் அண்ணன் சொன்னார். உங்களை உட்கார வைத்துப் பேசாமல் முன்பணம் வாங்கியிருந்தால் அது தவறு. நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டாலும் மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். மாமாவைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். கண் புரை ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம். அதற்கு முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்மா இந்த வருஷப் புளி வாங்கியாயிற்றா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
முரளி