டப்பாவைக் கொண்டு வந்து குடுக்கிறது பெரியவங்கதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடப் பிள்ளைங்க போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்குற போட்டோ அப்பப்போ உங்க பேப்பர்ல வருது, என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்லயும் எடுத்தாங்க. 2022 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து இது நடக்குது, நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த உறுதிமொழி கஞ்சாவைப் பத்தியும் புகையிலையைப் பத்தியும் பேசுது. தினமும் காலையில அஞ்சரை மணிக்கு கிரவுண்டுல நின்னு பிள்ளைங்க ஓடுறதைப் பார்க்கிற எனக்கு வேற ஒரு பயம் இருக்கு, போட்டியில ஜெயிக்கணும்னு பிள்ளைங்களுக்குக் குடுக்குற ஊக்கமருந்து, அதை யாரும் பேசுற மாதிரி தெரியல, அதான் எழுதுறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துல டூவீலர் மெக்கானிக். பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது, 400 மீட்டர் ஓடுது. போன வருஷம் மாவட்ட மீட்ல நாலாவதா வந்துச்சு, மூணாவது வந்த பிள்ளைக்கும் இதுக்கும் ஒரு செகண்டு கூட வித்தியாசம் இல்ல. அழுதுக்கிட்டே ஷூவைக் கழட்டிட்டு இருந்தப்ப ஒருத்தர் பக்கத்துல வந்து பேசினாரு, வெளியில பிள்ளைங்களுக்கு கோச்சிங் குடுக்கிறவரு, "உங்க பொண்ணுக்கு ஸ்டைல் இருக்கு, லாஸ்ட் நூறு மீட்டர்லதான் சத்து இல்ல, ஒரு மூணு மாசம் கோர்ஸ் எடுத்தா ஸ்டேட் போயிடும், எல்லாரும் எடுக்குறதுதான் சார்"ன்னாரு. என்ன கோர்ஸ்னு கேட்டதுக்கு சத்துப் பவுடர், கூட ஒரு டேப்லெட், பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு. நான் 2,800 ரூபா குடுத்து வாங்கிட்டேன். டப்பாவுல ஒரு லேபிள் கிடையாது, டேப்லெட் ஸ்ட்ரிப்ல பேர் இருக்கிற பக்கத்தை வெட்டிட்டுத்தான் குடுத்தாரு, அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

நாலு நாள் அது எங்க வீட்டு அலமாரியில இருந்துச்சு. அஞ்சாவது நாள் எங்க கடைக்கு வண்டி விடுற ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் கிட்ட காட்டினேன். அவரு ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பேர் இல்லாத மாத்திரையை உங்க பைக்குக்குக் கூட போட மாட்டீங்களே அண்ணே, பொண்ணுக்கு எப்படிக் குடுப்பீங்க"ன்னு கேட்டாரு. அந்த வார்த்தை இன்னைக்கும் என் காதுல இருக்கு. முதல்ல ஒரு ரத்த டெஸ்ட் எடுங்கன்னும் அவருதான் சொன்னாரு, எடுத்தா ஹீமோகுளோபின் 9.2. ஓடுற பிள்ளைக்கு 12-க்கு மேல இருக்கணுமாம். என் பொண்ணுக்கு லாஸ்ட் நூறு மீட்டர்ல சத்து இல்லாம போனது அதனாலதான், ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போக ஆள் பத்தல, வேற ஒண்ணும் இல்ல. டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை, அதை டீயோட சேர்க்காம நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்து சாப்பிடணும்னு சொன்னாங்க, அப்புறம் முருங்கைக்கீரை, முட்டை, கடலை உருண்டை, ராத்திரி பத்து மணிக்கு போனைப் புடுங்கி வெச்சிட்டுத் தூங்க வெக்கிறது, அவ்வளவுதான் பண்ணினோம். மூணு மாசத்துல 62 செகண்டுல ஓடினது 60.4-க்கு வந்துச்சு. அந்த மாத்திரை ஆஸ்பத்திரியில இலவசம் சார்.

இதை நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. போதைன்னா பிள்ளை தானா கெட்டுப்போய் தேடிப் போறதுன்னு நாம நினைச்சிட்டு இருக்கோம், ஆனா விளையாடுற பிள்ளை விஷயத்துல அப்படி இல்ல, கொண்டு வந்து கையில குடுக்கிறது கோச், ஜிம்காரர், சீனியர் அண்ணன், நான் பண்ணப் பார்த்த மாதிரி பெத்த அப்பன். நான் மட்டும் அந்த டப்பாவைத் திறந்து பால்ல கலக்கிக் குடுத்திருந்தா "அப்பா குடுக்கிறாரு"ன்னு என் பொண்ணு ஒரு கேள்வி கேட்காம குடிச்சிருக்கும். அந்தப் பிள்ளைகிட்ட போயி வேண்டாம்னு சொல்லுன்னு உறுதிமொழி எடுக்க வெச்சு என்ன பிரயோஜனம்?

நம்ம பக்கத்து மாவட்டம் திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவை யாரும் மறந்திருக்க முடியாது, 2019 ஏப்ரல்ல தோஹாவுல நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்ல 800 மீட்டர் தங்கம் வாங்கினப்ப எங்க கிரவுண்டுல கேக் வெட்டினோம், என் பொண்ணு ஓட ஆரம்பிச்சதே அதைப் பார்த்துத்தான். ஒரு மாசம் கழிச்சு நான்ட்ரோலோன்ங்கிற ஸ்டீராய்டு டெஸ்ட்ல வந்துச்சுன்னு செய்தி வந்துச்சு, பதக்கமும் போச்சு, நாலு வருஷம் தடையும் போட்டாங்க. தடை செஞ்ச மருந்து எதையும் எடுக்கவே இல்லைன்னு அவங்க சொன்னாங்க, அந்த வழக்குக்குள்ள நான் போகல, எனக்கு அந்தத் தகுதியும் இல்ல. ஆனா ரூல் என்னன்னு அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். உடம்புல இருந்தா அதுக்கு ஓடுறவங்கதான் பொறுப்பு, யார் குடுத்தா, தெரிஞ்சு சாப்பிட்டாங்களா தெரியாமயாங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஸ்டீராய்டு மாதிரி மருந்துக்கு முதல் தடவையே நாலு வருஷம் வரைக்கும் தடை போகும், பிளஸ் டூ பிள்ளைக்கு நாலு வருஷம்னா காலேஜே முடிஞ்சிடும்.

நாடு முழுக்க நிலைமை மோசமாத்தான் இருக்கு. 2024-ல நாடாங்கிற நம்ம ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு எடுத்த 7,113 சாம்பிள்ல 260 மாட்டுச்சு, அவ்வளவு பெரிய அளவுல டெஸ்ட் பண்ற நாடுகள்ல சதவீதத்துல நாமதான் முதல் இடம். 2023 செப்டம்பர்ல டெல்லி மாநில தடகளப் போட்டிக்கு நாடா ஆளுங்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் பசங்க கிளம்பிப் போயிட்டாங்க, ஆண்கள் 100 மீட்டர் பைனல்ல ஒரே ஒருத்தர்தான் ஓடினாரு, ஒரு ஜூனியர் பொண்ணு பினிஷ் லைனைத் தாண்டியும் நிக்காம டெஸ்ட்டுக்குப் பயந்து ஓடிக்கிட்டே இருந்துச்சாம். அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபம் வரல, அதுக்குப் பின்னாடி யார் நின்னாங்கன்னுதான் யோசிச்சேன்.

ஏன் இப்படி அவசரப்படுறோம்னா சர்டிபிகேட்டுக்குத்தான். அரசு வேலையில ஸ்போர்ட்ஸ் கோட்டா 3 சதவீதம், இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கோட்டா, முதலமைச்சர் கோப்பையில மாநில அளவுல தனிநபர் தங்கத்துக்கு ஒரு லட்சம், எங்க மாதிரி வீட்டுக்கு இதெல்லாம் பெரிய கதவு, திறந்து விட்டதுக்கு நன்றிதான் சொல்லணும். ஆனா கதவு பெருசாகும்போது குறுக்கு வழி காட்ட வர்றவனும் கூடுறான். ஸ்கூல் மீட்ல டெஸ்ட் யார் எடுக்கப் போறான்ங்கிற தைரியம் வேற. ஆபரேஷன் நேரத்துல பிரஷர் இறங்கினா டாக்டருங்க போடுற மெபென்டெர்மின் ஊசியை ஜிம்முல போட்டுக்கிறாங்கன்னு நம்ம பேப்பர்லயே வருது. வளர்ற வயசுல ஸ்டீராய்டு உள்ள போனா எலும்பு வளர்ற இடம் சீக்கிரம் மூடிக்கும், உயரம் அங்கேயே நின்னுடும், பொண்ணுங்களுக்குக் குரல் கட்டையாயிடுச்சுன்னா அது திரும்ப வராதாம்.

ஊசி, டப்பா கூட வேண்டாம், இருமல் மருந்தே போதும் மாட்டிவிடறதுக்கு. நிறைய இருமல் சிரப்புல டெர்பியூட்டலின்ங்கிற மருந்து இருக்கு, அது விளையாடுறவங்களுக்கான ஊக்கமருந்து தடை லிஸ்ட்ல இருக்கு. மெடிக்கல்ல போய் "பிள்ளைக்கு சளி"ன்னு கேட்டா அவங்க எடுத்துக் குடுத்துடுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, "போட்டிக்கு ஓடுற பிள்ளை"ன்னு நாமதான் சொல்றது இல்ல. நாடாவோட நோ யுவர் மெடிசின் ஆப்புல மருந்து பேரைப் போட்டா சொல்லிடும், ஆனா எங்க கிரவுண்டுல நிக்கிற இருபது பெத்தவங்கள்ல ஒருத்தருக்கும் அது தெரியல, எனக்கே அந்தப் பார்மசிஸ்ட் சொல்லித்தான் தெரியும்.

புகையிலை ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல, வாயில அடக்கிக்கிற கூல் லிப்ங்கிற புகையிலைப் பொட்டலத்தை நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாதுன்னு 2024-ல ஐகோர்ட் மதுரைக் கிளையே கேட்டுச்சு. கபடி பசங்க வாயில அது இருக்கிறதை நானே பார்த்திருக்கேன், கேட்டா டென்ஷன் குறையுதுன்னு சொல்றான், பதினாறு வயசுப் பையனுக்கு அவ்வளவு டென்ஷன் யார் குடுத்ததுன்னு அவனைத் திட்டுறதுக்கு முன்னாடி நாம கேட்டுக்கணும். எங்க பி.இ.டி. சார் அப்படிப்பட்ட ஒரு பையனை டீமை விட்டுத் துரத்தல, கூப்பிட்டு உக்கார வெச்சு பேசி, போதை மீட்பு உதவி எண் 14446-க்கு தானே போன் போட்டுக் குடுத்து, தினமும் சாயங்காலம் தன்னோட நடக்க வெச்சாரு, பையன் இப்ப நல்லா விளையாடுறான். துரத்தியிருந்தா அவனுக்கு அந்தப் பொட்டலம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. குறுவட்டம், மாவட்டம்னு மீட் நடக்கும்போது நாலு நாற்காலி போட்டு பெத்தவங்களுக்கும் கோச்சுக்கும் அரை மணி நேரம் தமிழ்ல இதைச் சொல்லிக் குடுங்க, பிள்ளைங்களுக்கு சீசன் ஆரம்பத்துல ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்க, மாநிலப் போட்டியிலயாவது நாடா ஆளுங்க வந்து சாம்பிள் எடுக்கட்டும், மாட்டினா பிள்ளையோட நிறுத்தாம குடுத்தவன் யாருன்னு தேடட்டும். பரீட்சை வந்தா பி.இ.டி. பீரியடை மேத்ஸுக்குக் குடுக்கிறதையும் நிறுத்துங்க, ஸ்கூல்ல ஓட விட்டா வெளியில டப்பா விக்கிறவன்கிட்ட நாங்க ஏன் போகப் போறோம்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் சார். விளையாட்டுப் பக்கத்துல வாரம் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, சளி, காய்ச்சல், வலிக்கு நாம சாதாரணமா வாங்குற மருந்துல எது தடை லிஸ்ட்ல இருக்கு, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு ஒரு ஸ்போர்ட்ஸ் டாக்டரை வெச்சு தமிழ்ல போடுங்க. எங்க கிரவுண்டு டீக்கடையில உங்க பேப்பர்தான் வாங்குறாங்க, காலையில பிள்ளைங்க ஓடி முடிக்கிற வரைக்கும் நாங்க எல்லாரும் அதைத்தான் மாத்தி மாத்திப் படிச்சிட்டு இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு ஓட்டக்காரப் பொண்ணோட அப்பா,
புதுக்கோட்டை மாவட்டம்.