எனக்கும் எலெக்‌ஷன் டூட்டி

ஒமாஹா,
24 நவம்பர் 2024

அன்புள்ள சேது,

நலம். நீயும் சரோஜாவும் நலம்தானே? உன் முழங்கால் விவகாரத்தைப் பட்டாமணி போனில் சொன்னான். டாக்டர் ஆபரேஷன் என்றதும் எழுந்து ஓடி வந்து எண்ணெய் வைத்தியத்தில் இறங்கிவிட்டாயாமே. ஓட முடிகிறதென்றால் முழங்காலுக்கு என்ன கேடு? அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். முதலில் சேதி.

எனக்கு எலெக்‌ஷன் டூட்டி போட்டுவிட்டார்கள்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. ஒவ்வொரு தேர்தலுக்கும் நீ போர்வையும் சொம்புமாக லாரி ஏறும்போது, "அரசாங்கச் சம்பளம் வாங்குகிறாய் அல்லவா, அனுபவி" என்று நான் கேலி செய்ததெல்லாம் உனக்கு மறந்திருக்காது. நான் இங்கே எந்த அரசாங்கத்திடமும் வேலை பார்க்கவில்லை. ஆனாலும் பிடித்துவிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்கு விருப்பப்பட்டவர்கள்தான் வருவார்கள். எங்கள் நெப்ராஸ்காவிலோ வாக்காளர் பட்டியலிலிருந்து ஆளைப் பொறுக்கி ஓலை அனுப்பக் கவுன்டிக்கு, அதாவது நம்ம மாவட்டம் மாதிரியானதற்கு, அதிகாரம் உண்டு. ஒரு தேர்தலோடு விடமாட்டார்கள், நாலு தேர்தலுக்கு வர வேண்டும். கடுதாசியைப் பார்த்ததும் மீனா, "குடியுரிமை வேணும் வேணும்னு பறந்தீங்களே, இந்தாங்க" என்றாள்.

இந்த ஊரில் தேர்தல் கமிஷன் என்று நாடு முழுக்க ஒன்று கிடையாது சேது. அதுதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. வாஷிங்டனில் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது கட்சிகளின் பணக் கணக்கை. தேர்தலை நடத்துவது மாநிலம். மாநிலமும் கவுன்டி தலையில் கட்டிவிடும். எங்கள் கவுன்டியின் தேர்தல் அதிகாரியை நியமிப்பது ஆளுநர். அந்த ஆளுநர் யார்? கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்து வந்தவர். நம்ம லக்ஷ்மணன் சார் இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கே ஒரு வாரம் பேசியிருப்பார். ஆனால் சாவடிக்குள் போய் உட்கார்ந்த பிறகு எனக்குச் சந்தேகம் கொஞ்சம் தணிந்தது. ஒரே கட்சிக்காரர்களை ஒரு சாவடியில் போடுவதில்லை. இங்கே வாக்காளராகப் பதியும்போதே நீ எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுக்கலாம், அது பட்டியலிலேயே இருக்கும். நான் எதுவுமில்லை என்று எழுதியிருந்தேன். எங்கள் மேசையில் குடியரசுக் கட்சி ஓர் அம்மாள், ஜனநாயகக் கட்சி ஒரு கிழவர், நடுவில் நான். அந்த இரண்டு பேரும் பகல் முழுக்கப் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சோளத்தின் விலையைப் பற்றியும் பேசினார்களே தவிர, வேட்பாளர் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. வரவும் கூடாது.

நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. விடுமுறை கிடையாது. நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845-இல் சட்டம் போட்டார்கள். அறுப்பு முடிந்திருக்கும், ஞாயிறு கோயில் முடித்து வண்டி கட்டிக் கிளம்பினால் செவ்வாய் வந்து சேரலாம் என்கிற கணக்கு. வண்டிமாடு போய்விட்டது, செவ்வாய் மட்டும் நிற்கிறது. ஒரு சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் எங்கள் சாவடி. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலைத் தாண்டி வரிசை. மை கிடையாது. போட்டோ உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பதே இங்கே இந்த வருஷம்தான் வந்தது. ஒரு பாட்டி, காலாவதியான லைசென்ஸை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதியில் காலாவதியானாலும் பரவாயில்லை, பெயரும் படமும் சரியாக இருந்தால் போதும். சரி, கையெழுத்துப் போடுங்கள் என்றதும், "இதற்காகத்தான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன்" என்றாள். உனக்கு இந்த ரகம் நிறையப் பழக்கம்.

அப்புறம் வாக்குச்சீட்டு. மெஷின் பட்டன் எல்லாம் இல்லை. நீண்ட தாள், பெயருக்குப் பக்கத்தில் முட்டை முட்டையாக இருக்கும், கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். எண்ணுவதற்குத்தான் மெஷின். அந்த மெஷின் செய்கிற பெரிய கம்பெனிக்குத் தலைமையகமே எங்கள் ஊர்தான். தாளில் மேலே ஜனாதிபதி. கீழே செனட்டர், ஒன்றுக்கு இரண்டு. ஒருவர் பாதியில் விலகியதால் அந்த இடத்துக்கும் சேர்த்துத் தேர்தல். அதற்கடுத்து பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அதோடு முடிந்தது என்று நினைக்காதே. பள்ளிக்கூட போர்டு, பல்கலைக்கழக ஆட்சிக்குழு, நீர்வள வட்டத்துக்கு இயக்குநர், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் நீதிபதி நீடிக்கலாமா வேண்டாமா, மருத்துவத்துக்குக் கஞ்சா அனுமதிக்கலாமா, உடம்பு சரியில்லாவிட்டால் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டுமா, எல்லாம் அதில்தான். கேள், மின்வாரியத்துக்கும் இங்கே தேர்தல்! நெப்ராஸ்காவில் மின்சாரம் முழுக்கப் பொதுத்துறை, அதன் இயக்குநர்களை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். உன் தெரு டிரான்ஸ்பார்மரை நினைத்துக்கொண்டேன். ஒருவர் தாளோடு அறைக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று பார்த்தால், போனில் நீதிபதிகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துக் கோயில் வாசல் பேனரைப் படம் எடுத்து அனுப்பி, "நம்ம பொண்ணு ஏன் தோத்தா, ஜாஸ்தி ஓட்டு வாங்கினாலும் உங்க ஊர்ல தோப்பாங்களாமே" என்று எழுதியிருந்தாய். இந்த முறை அப்படி இல்லை. டிரம்புக்கு மொத்த ஓட்டிலும் முன்னிலைதான், கலிபோர்னியா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது என்றாலும் அது மாறப்போவதில்லை. நீ சொன்னது 2016-இல் நடந்தது. ஹிலாரிக்கு 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு, பதவி டிரம்புக்கு. 2000-இல் அல் கோருக்கும் அதுவே கதி. புளோரிடாவில் 537 ஓட்டில் போயிற்று.

காரணம், ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை எலெக்டோரல் ஓட்டு என்று உண்டு. பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை, கூடவே செனட்டுக்காக இரண்டு. சபையில் 435, செனட்டில் 100, தலைநகருக்கு மூன்று, மொத்தம் 538. 270 எடுத்தவர் ஜனாதிபதி. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர், நாலு கோடியைத் தொடும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர். அந்தக் கோணல் அப்படியே ஜனாதிபதி கணக்கிலும் ஏறிவிடுகிறது. அதைவிடப் பெரிய கோணல், ஒரு மாநிலத்தில் ஓர் ஓட்டு அதிகமாக வாங்கினவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தமும் போய்விடுவது. 48 மாநிலத்தில் இதுதான் வழக்கம். மீதி இரண்டு மெய்னும் நாங்களும்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயமே ஆரம்பிக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு வா.

நெப்ராஸ்காவுக்கு ஐந்து எலெக்டோரல் ஓட்டு. 1992-லிருந்து இரண்டு மாநிலம் முழுக்க ஜெயித்தவருக்கு, மற்ற மூன்றும் தொகுதிக்கு ஒன்று. மாநிலம் குடியரசுக் கட்சியின் கோட்டை. ஆனால் ஒமாஹாவை உள்ளடக்கிய எங்கள் இரண்டாம் தொகுதி மட்டும் ஊசலாடும். 2008-இல் ஒபாமா, 2016-இல் டிரம்ப், 2020-இல் பைடன். இந்த வருஷம் எல்லா அரசியல் பண்டிதர்களும் பென்சில் எடுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் ஹாரிஸுக்கு, ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா நாலும் டிரம்புக்கு என்று வந்தால்? ஒமாஹாவைச் சேர்க்காமல் 269-க்கு 268. ஒமாஹா ஹாரிஸ் பக்கம் போனால் அவர் ஜனாதிபதி. டிரம்ப் பக்கம் போனால் இருவருக்கும் 269. அப்போது பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், அதுவும் மாநிலத்துக்கு ஓர் ஓட்டு என்று. வயோமிங்குக்கு ஒன்று, கலிபோர்னியாவுக்கும் ஒன்று! 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இப்படித்தான் சபைக்குப் போயிற்று. ஜாக்சன் அதிக ஓட்டு வாங்கியும் ஆடம்ஸ் ஜனாதிபதியானார்.

ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? வீட்டு முன் புல்தரையில் வெள்ளை அட்டை, நடுவில் ஒரு நீலப் புள்ளி. எழுத்து ஒன்றும் கிடையாது. குடியரசுக் கட்சியின் சிவப்பு மாநிலத்தில் நாங்கள் ஜனநாயகக் கட்சியின் ஒரு நீலப் பொட்டு என்று அர்த்தம். பதிலுக்கு எதிர்வீட்டுக்காரர் மாநிலப் படம் முழுக்கச் சிவப்படித்து நட்டு வைத்தார். செப்டம்பரில் சட்டத்தையே மாற்றி ஐந்தையும் ஜெயித்தவருக்கே கொடுத்துவிடலாம் என்று ஆளுநர் முனைந்தார். தென் கரோலினாவிலிருந்து செனட்டர் லிண்ட்சே கிரஹாம் கிளம்பி எங்கள் மாநிலத் தலைநகர் லிங்கனுக்கு வந்து எங்கள் எம்.எல்.ஏ.க்களிடம் பேசினார். எங்களுக்கு ஒரே சபை, 49 பேர். முட்டுக்கட்டையைத் தாண்ட 33 பேர் வேண்டும். அது மைக் மெக்டோனல் என்கிற ஒருவரிடம் வந்து நின்றது. ஒமாஹாக்காரர், பழைய தீயணைப்புத் தொழிற்சங்கத் தலைவர், ஆறு மாசத்துக்கு முன்புதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியவர். தாவினவர் தலையாட்டுவார் என்று எல்லாரும் நினைத்தோம். தேர்தல் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது மாற்றக் கூடாது என்று மறுத்துவிட்டார். கட்சி மாறினவரை எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். இவருக்கு மட்டும் ஒரு வணக்கம்.

கடைசியில் என்ன ஆயிற்று? ஹாரிஸ் எங்கள் தொகுதியை நாலரை சதவீதம் போல வித்தியாசத்தில் ஜெயித்தார். டிரம்ப் அந்த ஏழு மாநிலத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டார். 312-க்கு 226. எங்கள் ஓர் ஓட்டைச் சீந்துவாரில்லை! வேடிக்கை, அதே ஜனங்கள் அதே தாளில் பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கனை மறுபடி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மேலே ஒரு முட்டை நீலம், கீழே ஒரு முட்டை சிவப்பு. செனட்டுக்கு ஆஸ்போர்ன் என்று ஒரு மெக்கானிக், எந்தக் கட்சியும் இல்லாமல் நின்று, பதவியிலிருக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் டெப் ஃபிஷரைக் கதிகலங்க வைத்தார். தோற்றார், ஆனால் டிரம்புக்கு அள்ளிக் கொடுத்த மாநிலத்தில் ஆறேழு சதவீதத்தில்தான் தோற்றார். ஜனங்கள் பார்த்துத்தான் போடுகிறார்கள். நாமாகத்தான் அவர்களைப் பெட்டியில் அடைக்கிறோம்.

ஆனால் சேது, என் மனசை அரிப்பது வேறு. வித்யா மிசூரி ஆற்றுக்கு அக்கரையில் கவுன்சில் பிளஃப்ஸில் இருக்கிறாள். அது அயோவா. நடைபாலத்தில் நடந்தே போகலாம், பாலத்தின் நடுவில் தரையில் எல்லைக்கோடு போட்டிருக்கும். பேத்தி ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே வைத்து நிற்பாள். இக்கரையில் என் வீட்டுக்கு இரண்டு கட்சியிலிருந்தும் கதவைத் தட்டினார்கள், தபால்பெட்டி பிதுங்கிற்று, டி.வி.யில் வேறு விளம்பரமே இல்லை. அவள் வீட்டுக் கதவை ஜனாதிபதிக்காக ஒருவரும் தட்டவில்லை. அங்கே ஆறு ஓட்டும் மொத்தமாகப் போய்விடும், டிரம்ப் 13 சதவீதத்தில் ஜெயித்தார். ஒரே வளர்ப்பு, ஒரே சாம்பார், ஒரே டி.வி. ஆறு குறுக்கே ஓடுவதால் என் ஓட்டுக்கு உலகமே காத்திருக்கிறது, அவள் ஓட்டு யாருக்கும் வேண்டாம். "எதுக்குப்பா நான் போய் நிக்கணும்" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூட போர்டுக்காவது போடேன் என்றேன். போட்டாள்.

எல்லா மாநிலமும் எங்களைப் போலத் தொகுதிவாரியாகப் பிரித்தால் சரியாகுமே என்று நீ எழுதுவாய். நானும் நினைத்தேன். தொகுதி எல்லையை வரைவது பெரும்பாலும் மாநிலச் சட்டசபை. வரைகிறவன் தன் வசதிக்கு வரைவான். அப்படிப் பிரித்திருந்தால் 2012-இல் 50 லட்சம் ஓட்டுக் குறைவாக வாங்கிய ராம்னி ஜனாதிபதியாகியிருப்பார். இங்கேயே 2021-இல் எங்கள் கவுன்டியை இரண்டாக வெட்டப் பார்த்தார்கள், சபையில் தடுத்ததால் தப்பித்தது. மொத்த ஓட்டில் ஜெயித்தவருக்கே எங்கள் எலெக்டோரல் ஓட்டு என்று 17 மாநிலமும் தலைநகரும் ஓர் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கின்றன. அவர்கள் கையில் 209. 270 சேர்ந்தால்தான் அமலுக்கு வரும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. அது வந்தால் எங்கள் நீலப் பொட்டுக்கு மவுசு போய்விடும், போகட்டும்.

அதுவரை எங்கள் தொகுதிவாரி முறையைப் பிடுங்காமல் இருக்க வேண்டும். ஜனவரியில் சபை கூடும்போது மறுபடி கொண்டுவருவார்கள் என்று இப்போதே பேச்சு. மெக்டோனல் இருக்கமாட்டார், அவர் பதவிக்காலம் முடிகிறது. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தவன்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே. முன்கூட்டியே தபாலில் போட்டுவிட்டேன். மீனாவிடமே சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. டிசம்பர் 17-ஆம் தேதி எங்கள் ஐந்து எலெக்டோரல் ஓட்டையும் போடுகிற ஐந்து பேர் லிங்கனில் கூடி முறைப்படி ஓட்டளிப்பார்கள், ஜனவரி 6-இல் வாஷிங்டனில் எண்ணுவார்கள். சென்ற முறை அன்றைக்கு நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்து நடத்திய கூத்தை நீயும் நானும் போனைப் பிடித்துக்கொண்டே பார்த்தோம்.

இனி உன் முழங்கால். எண்ணெய் வைத்தியருக்குக் கொடுக்கிற பணத்தை நிறுத்து. தஞ்சாவூரில் பாஸ்கர் மச்சான் காட்டிய டாக்டரையே போய்ப் பார்; பட்டாமணியைக் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போனால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிடுவாய். உன் தேர்தல் டூட்டியில் நடந்த அந்தக் கோட்டூர் ஓட்டுப்பெட்டி விஷயத்தை இங்கே என் மேசையில் இருந்த கிழவரிடம் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறார். நீயே உன் கைப்பட எழுதி அனுப்பு, நான் படித்துச் சொல்கிறேன். எனக்கு அடுத்த டூட்டி ஏப்ரலில், மேயர் தேர்தலுக்கு. பகல் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார முதுகு ஒத்துழைக்க என்ன செய்வாய் என்று அதிலேயே எழுதிவிடு.

சரோஜாவுக்கு என் அன்பு.

உன்,
முத்து