மூணு துறையும் ஒரு நாள் ஒரே பெஞ்சுல உக்காரக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நமக்கு முதுகுளத்தூர் பக்கம். மூணு ஏக்கர் கரிசல், பூரா வானம் பார்த்த பூமி. மழை விழுந்தா முண்டு மிளகாய், இல்லாட்டி சீமைக் கருவேலத்த வெட்டி மூட்டம் போட்டு கரி சுட வேண்டியதுதான். இந்த மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, சந்தோசம்தான், ஆனா செடி வாடுறப்ப குறியீட்டயா பிழிஞ்சு ஊத்த முடியும்.

போன வருசம் சொட்டுநீர் போடலாம்னு கிளம்புனேன். அஞ்சு ஏக்கருக்குள்ள இருக்க சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75. சரின்னு வேளாண்மை ஆபீஸ் போனா, மிளகாய்னா தோட்டக்கலைக்குப் போங்கண்ணேன்னாங்க, அங்க போனா மொதல்ல தண்ணி எங்கண்ணே இருக்குன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், எங்க ஊர்ல போர் போட்டா உப்புத்தண்ணிதான் வரும். அப்ப மழத்தண்ணியத் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டணும், அதுக்கு வேளாண் பொறியியல் துறை, அது வேற இடம், இதுக்கு நடுவுல சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவைல பதிஞ்சு தாசில்தார் ஆபீஸ்ல காத்துக் கெடக்கணும். எங்க போனாலும் அதே சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார். ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு என் சர்வே நம்பர் மனப்பாடம் ஆயிருச்சு.

உழவன் ஆப்ல எல்லாம் இருக்குன்னு மகன் ஏத்திக் குடுத்தான். இருக்குதான். ஓடிபி வரணும்னா சிக்னலுக்கு கண்மாய்க் கரைல ஏறி நிக்கணும், வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஏறி முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சுருது.

எல்லாத்துக்கும் மேல கூட்டுப்பட்டா, பல பேர் பேர்ல சேந்து கெடக்குற ஒரே பட்டா. எங்க பட்டால ஒம்பது பேரு, அதுல ரெண்டு பேரு செத்துட்டாங்க, ஒருத்தர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு. சரி, பிரிச்சு எழுதிக்கலாம்னா அதுலயும் வில்லங்கம். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அவங்கப்பா உசுரோட இருக்கப்பவே 2020ல பாகம் எழுதி வச்சாரு, இப்ப பிஎம் கிசான் 6000 ரூவா அவனுக்குக் கெடைக்கல, 2019 பிப்ரவரி 1க்கு முன்னாடியே நிலம் பேர்ல இருந்திருக்கணுமாம். பாகம் எழுதுறப்பயே யாராச்சும் சொல்லிருந்தா அவங்கப்பா பேர்லயே விட்டு வச்சிருப்பாங்க.

திட்டமே இல்லன்னு நான் சொல்ல வரல, இருக்கு, மானியமும் நல்ல மானியம்தான். கேக்குறது என்னன்னா வாரத்துல ஒரு நாள், வேண்டாம், மாசத்துல ஒரு நாளாவது பஞ்சாயத்து ஆபீஸ்ல இந்த மூணு துறைக்காரங்களும் விஏஓவும் ஒண்ணா வந்து உக்காரட்டும், பட்டாவப் பாத்துட்டு உனக்கு இது கெடைக்கும், இது கெடைக்காதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அதையும் ஆவணிக்குள்ள செய்யணும். கரிசல் நனஞ்சுட்டா ஜேசிபி எறங்காது, அப்புறம் குட்டைக்கு ஆர்டர் வந்தாலும் தை மாசி வரைக்கும் சும்மாதான் வச்சிருக்கணும்.

இப்படிக்கு,
மிளகாய் சம்சாரி ஒருத்தர்,
ராமநாதபுரம் மாவட்டம்